திங்கள், வியாழன், திங்கள்

மே மாதம் பிறந்ததும் ஏரியிலிருந்து ஈ கிளம்பும். கடிக்காத ஈதான். ஆனால் மரங்களுக்கு மேலே புகைத்தூண் போல எழுந்து நின்று ஆடும். பேச வாயைத் திறந்தால் பல்லில் ஒட்டும். கரையில் குடியிருப்பவர்கள் அந்த மாதம் முழுக்க உதட்டை அதிகம் பிரிக்காமல் பேசுவார்கள். மற்ற மாதங்களிலும் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள். அதற்குக் காரணம் ஈ அல்ல.

புதன்கிழமை காலை டிம்னா தம்பியின் கொட்டகையில் உட்கார்ந்து தூண்டில் முட்களில் புழு கோத்துக்கொண்டிருந்தாள். விலாங்கு பிடிக்கிற நீளக்கயிறு. கைக்கெட்டும் தூரத்துக்கு ஒரு முள். கோத்த முள்ளைப் பெட்டியின் விளிம்பில் வரிசையாகக் குத்தி, கயிற்றைச் சிக்கில்லாமல் உள்ளே சுற்றி வைக்க வேண்டும். ஒரு முள் மாறினாலும் படகில் கயிறு விடும்போது ஆளின் கையைக் கிழித்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு இந்த வேலை அத்துப்படி. பிள்ளைகள் இல்லை, புருஷன் ரொட்டி வண்டியில் காலையிலேயே கிளம்பிவிடுவான், அதனால் சீசன் முழுக்கத் தம்பி யூஜினுக்கு அவள்தான் முள் கோத்துக் கொடுத்தாள்.

யூஜின் வரவில்லை. பார்ட்டிதான் வந்தான். யூஜினோடு ஒரே படகில் போகிற கிழட்டு மீன்காரன். நனைந்த தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்தான்.

"ஏம்மா டிம்னா, உன் தம்பி என்ன, ராஜாவாயிட்டானா? ரெண்டு நாளா ஒத்தையா துடுப்புப் போட்டு என் முதுகு ஒடிஞ்சுபோச்சு."

"நேத்தும் வரலியா?"

"திங்கக்கிழமை சாயங்காலம் கயிறு போட வர்றேன்னான். வரல. நேத்தும் வரல. எவளோ ஒருத்தி கண்ணு வெச்சுட்டா போலன்னு நெனச்சேன். அவன் மூஞ்சிக்கு எவ வருவான்னும் நெனச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் வீட்டில் துணி வெளுத்தாள், இந்தப் பக்கமே வரவில்லை. கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி யூஜினின் வீட்டுக்குள் போனாள். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. அவன் கோட்டு ஆணியில் தொங்கியது. மேசையில் பாதி வெட்டிய சோடா ரொட்டி காய்ந்து விரிந்திருந்தது. கொல்லையில் கட்டிப்போட்ட நாய் குரைக்கக்கூடத் தெம்பில்லாமல் வாலைத் தரையில் அடித்தது. யூஜின் சாப்பிடாமல் போவான். நாய்க்கு வைக்காமல் போகமாட்டான்.

அவள் வெளியே வந்தபோது பார்ட்டி தொப்பியை மறுபடி மாட்டியிருந்தான்.

"பார்ட்டி, நீ எதையோ பாத்திருக்க."

"கண்ணு மங்கலாயிருச்சும்மா."

"பார்ட்டி."

அவன் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "திங்கக்கிழமை சந்து முனையில ஒரு கார் நின்னுச்சு. நம்ம பக்கத்துக் கார் இல்ல. அவ்வளவுதான்." உதட்டில் உட்கார்ந்த ஈயைப் புறங்கையால் துடைத்தான். "நான் ஒண்ணும் சொல்லல, என்ன?"

நம்ம பக்கத்துக் கார் இல்லையென்றால் இரண்டே அர்த்தம். போலீஸ் என்றால் கதவை உடைத்திருப்பார்கள், ஊரே எழுந்திருக்கும். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிற கார், ராணுவத்தோடு மறைவில் சண்டை போடுகிற இயக்கத்துடையது.

டிம்னாவின் புருஷன் ஃபீலிம் அந்த வட்டாரத்துக்கு இயக்கத்தின் தகவல் தலைவன். யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அவன் கையில் துப்பாக்கியை ஒருவரும் பார்த்ததில்லை; அவன்மேல் எப்போதும் புது ரொட்டி வாசனைதான் அடிக்கும். கத்தோலிக்க வீடு, புராட்டஸ்டண்ட் வீடு என்று பார்க்காமல் எல்லா முற்றத்திலும் அவன் வண்டி நுழையும். எந்த வீட்டில் இந்த வாரம் ஒரு ரொட்டி கூடுதலாக வாங்கினார்கள், எந்தக் கொடியில் போலீஸின் பச்சைச் சட்டை காய்கிறது, எந்த நாய் யாரைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டது, எல்லாம் அவன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். எதையும் எழுத மாட்டான். மறக்கவும் மாட்டான். ராணுவம் அவனைச் சாலையில் நிறுத்தி ரொட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கும். அவன் சலனமில்லாத முகத்தோடு மழையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு தானே அடுக்கிக்கொண்டு கிளம்புவான்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இயக்கத்துக்கு அடி மேல் அடி. ஒளித்து வைத்த ஆயுதங்கள் பிடிபட்டன. இரண்டு பையன்கள் சாலையோரத்தில் காத்திருந்த ராணுவத்தின் கையில் செத்தார்கள். பெல்பாஸ்டிலிருந்து ஓர் ஆள் வந்து டிம்னாவின் சமையலறையில் உட்கார்ந்து, அவள் போட்ட தேநீரைக் குடித்தபடி, "உங்க பக்கம் எங்கயோ ஓட்டை இருக்கு, ஃபீலிம். கண்டுபிடிக்க வேண்டியது நீதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஃபீலிம் தூக்கத்திலும் பல்லைக் கடித்தான்.

அன்று சாயங்காலம் அவள் வெங்காயத்தோடு விலாங்கு வறுத்தாள். உருளைக்கிழங்கை வெங்காயத்தாளும் பாலும் சேர்த்து மசித்து, நடுவில் குழி பறித்து வெண்ணெய் வைத்தாள். ஃபீலிம் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் நன்றாக இருந்தது. அந்த மாதத்தில் சூரியனுக்கு வீட்டுக்குப் போக மனசே வராது.

"யூஜினைக் காணோம்" என்றாள்.

"ஓ" என்றான். உருளைக்கிழங்கை வெண்ணெயில் தொட்டு வாயில் வைத்தான்.

அவள் வாணலியை அடுப்பிலிருந்து நகர்த்தினாள்.

"நீ ஒண்ணும் கேக்கலியே."

"என்ன கேக்கணும்?"

"எப்ப இருந்து காணோம், யாரு கடைசியாப் பாத்தா, படகு எங்க நிக்குது. ஒண்ணுமே கேக்கல. பக்கத்து வீட்டுப் பூனை காணாமப் போனாக்கூட நீ பத்துக் கேள்வி கேப்பியே, ஃபீலிம்."

அவன் முட்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தம் வராமல் வைத்தான்.

"உக்காரு."

"நிக்கிறேன்."

"இது உனக்குத் தேவையில்லாத விஷயம்."

"என் கூடப் பொறந்தவன்டா அவன். எனக்கு இல்லாம வேற யாருக்குத் தேவை? எங்க வெச்சிருக்கீங்க?"

"தெரியாது. அது என் வேலை இல்ல. நான் பாத்ததச் சொல்வேன், அதோட சரி. விசாரிக்கிறவங்க வேற."

"நீ என்னத்தப் பாத்த?"

அவன் நேராக அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் வருத்தமும் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, வேலையைச் சரியாகச் செய்தவனின் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை அவள் பிற்பாடு மன்னிக்கவேயில்லை.

"கில்கோர் வீட்டுச் சந்துல யூஜினோட வேன் நின்னுச்சு. வெஸ்லி கில்கோர். பகுதிநேரச் சிப்பாய். வாரத்துல நாலு நாள் மாடு மேய்ப்பான், மூணு நாள் துப்பாக்கி தூக்கி நம்ம பையன்கள சாலையில நிறுத்துவான். அவன் வீட்டுப் பின்வாசல் வழியா யூஜின் உள்ள போனான். என் கண்ணாலயே பாத்தேன், டிம்னா. ஒரு தடவைன்னா விட்டிருப்பேன். நான் அவன்கிட்டயே கேட்டிருப்பேன்."

"எத்தன தடவ?"

"ஏப்ரல்ல ஒரு திங்கக்கிழமை. அதே வாரம் வியாழன். திரும்ப அடுத்த திங்கள். மூணு தடவயும் காலங்காத்தால. கொஞ்ச நேரத்துல வெளிய வந்துட்டான். வெஸ்லி வாசல் வரைக்கும் வந்தான். ரெண்டு பேரும் கை குலுக்கல, நன்றின்னு ஒரு வார்த்த இல்ல, திரும்பிக்கூடப் பாக்கல. பழக்கப்பட்ட ஆளுங்க அப்படித்தான் இருப்பாங்க. நாள் குறிச்சு, நேரம் குறிச்சு…"

டிம்னாவின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. ஒரு நிமிஷம் அவளுக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது.

"திங்கள், வியாழன், திங்கள்" என்றாள். "நீ எந்த ஊர்ல பொறந்த, ஃபீலிம்?"

"என்ன?"

"எந்த ஊர்ல பொறந்தன்னு கேக்கறேன். உங்கம்மா உனக்குக் கையில கட்டி வந்தப்ப எந்தெந்தக் கிழமையில கூட்டிட்டுப் போனா?"

அந்த ஏரிக்கரையில் தீக்காயத்துக்கு ஒரு வீடு, சுளுக்குக்கு ஒரு வீடு, படைக்கு ஒரு வீடு என்று கை உள்ள குடும்பங்கள் இருந்தன. கை என்றால், தொட்டு மந்திரிக்கிற கை. திங்கள், வியாழன், மறு திங்கள். மூன்று தடவை போக வேண்டும். வைத்தியம் செய்தவருக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. வடு முழுக்க மறையும்வரை வெளியில் யாரிடமும் பேசவும் கூடாது. நோயாளி போக முடியாவிட்டால் அவர் உடம்பில் பட்ட துணியை வேறொருவர் கொண்டு போகலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த முறை. ஃபீலிமுக்கும் தெரியும். தெரிந்தது அவன் முகத்தில் மெல்ல ஏறியது. முதலில் காது சிவந்தது, பிறகு எல்லா ரத்தமும் வடிந்தது.

"அக்கி" என்றான்.

"அக்கி. மார்ச்ல இருந்து பாதி இடுப்பச் சுத்தி நெருப்பு வெச்ச மாதிரி. நீ பக்கத்துல படுத்து நான் முனகுறதக் கேட்டுட்டுத்தானே இருந்த? டாக்டர் குடுத்த களிம்புல ஆறிருச்சுன்னு நீயா நெனச்சுக்கிட்ட. வெஸ்லியோட கைக்குத்தான் இந்தப் பக்கத்துல அக்கி இறங்கும். அவன் அப்பனுக்கு அப்புறம் அவன்தான்."

"எனக்குத் தெரியாது."

"அந்த வீட்ல எந்த ரொட்டி திங்கிறாங்கன்னு தெரியும். இது தெரியாது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அந்த வீட்டுக் கேட்டத் தாண்டினா கால ஒடிப்பேன்னு சொன்னது யாரு? அதான் என் பாவாடைத் துணியில ஒரு துண்டக் கிழிச்சு யூஜின்கிட்ட குடுத்தேன். ஃபீலிமுக்கு மட்டும் தெரியக் கூடாதுடா, என்மேல சத்தியம் பண்ணுன்னேன். பண்ணான்." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அவன் வாயத் தொறக்க மாட்டான், ஃபீலிம். உன் ஆளுங்க என்ன பண்ணினாலும் தொறக்க மாட்டான். எம்பேரு வந்துரும்னு பொத்திக்கிட்டு உக்காந்திருப்பான். எந்திரி. போய்ச் சொல்லு."

அவன் எழவில்லை.

"இது இப்ப என் கையில இல்ல."

"உன் கையில இருந்துதானே போச்சு."

"நான் போய் என்னன்னு சொல்றது? தகவல் தலைவனோட பொண்டாட்டி சிப்பாய் வீட்டுக்குத் தூது அனுப்பினா, புருஷனுக்கே தெரியாதுன்னா? பெல்பாஸ்ட்காரனுக்குக் கையும் தெரியாது, கிழமையும் தெரியாது. அடுத்த கார் இந்த வாசலுக்குத்தான் வரும்."

"வரட்டும். நானே வந்து சொல்றேன். இடுப்பக் காட்டறேன், வடு இன்னும் இருக்கு. என்னயும் வண்டியில ஏத்து."

"நீ வராத." அவன் எழுந்தான். "நான் பாத்துக்கறேன்."

வண்டி கிளம்பிய சத்தம் ஏரிப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. டிம்னா தம்பி வீட்டுக்குப் போய் நாய்க்குச் சோறு வைத்தாள். பிறகு கொட்டகையில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து முள் கோத்தாள். விலாங்கைப் போல நெளிகிற புழுக்களைப் பிடித்துப் பிடித்து, நாளைக்கு அவன் வந்து கேட்டால் பெட்டி தயாராக இருக்க வேண்டும் என்கிற ஒரே எண்ணத்தோடு கோத்தாள்.

ஃபீலிம் திரும்பியபோது கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"முடிஞ்சுபோச்சு, டிம்னா. நான் போறதுக்கு முன்னாடியே. செவ்வாய்க்கிழமையே முடிஞ்சுபோச்சாம்."

சனிக்கிழமை காலையில் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குச் சாலையோரம், கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றியபடி யூஜின் கிடைத்தான். காலில் செருப்பில்லை. அன்று மாலைப் பத்திரிகையில் இயக்கத்தின் அறிக்கை நாலு வரி வந்தது: எதிரியின் வீட்டுக்குப் போய் வந்ததை அவன் ஒப்புக்கொண்டான் என்று.

சவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அந்தக் கரையில் ஒரு சாவு விழுந்தால் இரண்டு நாள் வீடு கொள்ளாது. அடுத்த வீட்டு நாற்காலிகளும் வந்துவிடும். பெண்கள் சமையலறையில் பன்றிக்கறி வைத்து ரொட்டி அடுக்குவார்கள். ஆண்கள் முற்றத்தில் நின்று மழையையும் மாட்டையும் பற்றிப் பேசுவார்கள். செத்தவனைப் பற்றி ஒரு நல்ல வேடிக்கைக் கதையாவது யாராவது சொல்லாமல் போகமாட்டார்கள். யூஜின் வீட்டுக்கு நாற்காலி வரவில்லை. டிம்னா அடுக்கி வைத்த ரொட்டித் துண்டுகள் ஓரம் சுருண்டன. பார்ட்டி மட்டும் வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கடைசி வரை உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கதை எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபாதர் மக்கானல் வந்தார். வயசான, நல்ல மனிதர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடினார்.

"ரொம்ப நேரம் வெளிய கிடக்கலம்மா. அதயாவது நெனச்சுக்கோ. டாக்டர்கிட்ட கேட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரிதான் உயிர் போயிருக்குன்னார். மழையிலயும் நரிகிட்டயும் கிடக்க விடல."

"வெள்ளிக்கிழமையா, ஃபாதர்?"

"ஆமா. நிச்சயமா வெள்ளிதான்னார்."

அவள் அவருக்குத் தேநீர் ஊற்றினாள். அவர் போன பிறகு, கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாகச் சுவரோரம் நின்ற ஃபீலிமைப் பின்கட்டுக்கு வரச் சொன்னாள்.

"புதன்கிழமை எங்க போன?"

அவனுக்குக் கேள்வி புரிந்தது. ஃபாதர் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது. எது சொன்னாலும் விழுகிற காது அது.

"படகுத்துறை வரைக்கும்" என்றான்.

"அப்புறம்?"

"அங்கயே வண்டியில உக்காந்திருந்தேன்."

"விடியற வரைக்கும்?"

"விடியற வரைக்கும்."

"அவன் உசுரோட இருந்தான்."

"சொன்னா உன்ன எடுத்திருப்பாங்க. ரெண்டுல ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. அவன், இல்ல நீ. உனக்காகத்தான் டிம்னா…"

"எனக்காகன்னு சொல்லாத." அவள் சத்தம் போடவில்லை; உள்ளே பார்ட்டி இருந்தான், தம்பி இருந்தான். "நான் வண்டியில ஏறுறேன்னேன். நீதான் ஏத்தல. ஒரு தடவகூடத் தப்பே பண்ணாத கண்ணுன்னு உன்ன வெச்சிருந்தாங்க. அந்தக் கண்ணு தப்பாப் பாத்துருச்சுன்னு போய்ச் சொல்ல உனக்கு வாய் வரல. அவன் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தான், யாராவது வருவாங்கன்னு."

அவன் அழுதான் என்பதும் உண்மைதான். அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. பிண ஊர்திக்காரனும் அவன் மகனும் தோள் கொடுத்தார்கள், பார்ட்டி முன்னால். ஃபீலிம் கல்லறை வாசலுக்கு வெளியே நின்றான். தகவல் தலைவன் ஒரு துரோகியின் பெட்டியைத் தொட்டால் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை, வண்டி கிளம்புவதற்கு முன்பே டிம்னா கிளம்பினாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ரொட்டி வண்டி போகிற அதே வழியில் நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள். யூஜின் எதற்குப் போனான், யார் அனுப்பினார்கள், எல்லாம். இயக்கத்தின் காதுக்குப் போனால் போகட்டும். கார் வந்தால் வரட்டும். ஒரே ஒரு வீட்டிலாவது ஒருவர் வாய்விட்டு, அவன் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும்.

முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை; உள்ளே ரேடியோ சத்தம் மட்டும் சட்டென்று அடங்கியது. இரண்டாவது வீட்டில், "அய்யோ பாவம், உள்ள வந்து ஒரு வாய் டீ குடி" என்றார்கள், அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடினார்கள். மூன்றாவது வீடு காஸி டீகினுடையது. கில்கோர் சந்துக்கு நேர் எதிரே. காஸி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவள் பேசுவதை நின்றபடியே முழுக்கக் கேட்டாள்.

"அக்கிக்கு" என்று முடித்தாள் டிம்னா. "எனக்காகப் போனான். அவ்வளவுதான் காஸி."

காஸி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்மா. முதல் திங்கக்கிழமை பாத்தோம். வியாழக்கிழமை வேன் திரும்ப வந்ததும், வைத்தியத்துக்குத்தான்னு தெரிஞ்சுபோச்சு. யாருக்கு அக்கின்னு நாங்க பேசிக்கிட்டோம். உனக்குத்தான்னு என் மருமக சொன்னா, நீ கோயில்ல குனிஞ்சு எந்திரிச்ச விதத்தப் பாத்து."

டிம்னா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"காரு வந்தது?"

"அதும் பாத்தோம்."

"பின்ன ஏன் காஸி, ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த அவர்கிட்ட…"

"யார்கிட்ட?" காஸியின் குரல் தாழ்ந்தது. கோபமும் இல்லை, பரிவும் இல்லை. "உன் புருஷன்கிட்டயா? இந்தச் சந்துல எந்தப் பொம்பளையாவது அவன் காது கேக்க ஒரு விஷயம் பேசுவாளா? யாரு வந்தா, யாரு போனான்னு ஒரு வார்த்த விட்டா எந்த வீட்ல எழவு விழும்னு யாருக்குத் தெரியும்? கொழந்தைங்களுக்கே சொல்லி வெச்சிருக்கோம், ரொட்டி வண்டி வந்தா வாயத் தொறக்காதேன்னு. இத்தன வருஷமா. கில்கோர் வீட்டுப் பேர எடுத்தா, அந்த வீட்ட நாங்க கவனிக்கிறோம்னு ஆயிரும். நாளைக்கு வேற எதயாவது கேப்பான். சொல்லித்தான் ஆகணும்."

வெளியே வண்டியின் ஹாரன் இரண்டு முறை அடித்தது. காஸி சட்டென்று நிமிர்ந்தாள், முகம் வேறாகிவிட்டது. கதவை ஒருக்களித்துத் திறந்து, பின்னால் டிம்னா தெரியாதபடி இழுத்துச் சாத்திக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

டிம்னா இருட்டான அந்தச் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியின் பின்கதவு திறந்தது. மரத்தட்டு வெளியே இழுபட்டது. புது ரொட்டி வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

"ஒரு வெள்ளை, ஒரு கோதுமை" என்றாள் காஸி.

"வீட்ல எல்லாரும் எப்படி, காஸி? ஏதாவது விசேஷம் உண்டா?"

"ஒண்ணும் இல்ல, ஃபீலிம்" என்றாள் காஸி. "ஒண்ணுமே இல்ல."